ஆல்ரெடி ஆகாத கல்யாணம்

எங்கள் ஊரில் 'ஆல்ரெடி' என்று சொன்னால் அந்தக் காரியம் நடந்து முடிந்துவிடும். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அன்று காலை என் அக்கா வீட்டுக்காரர் பொங்கல் சாப்பிடக் கூப்பிட்டார். மரியாதைக்காக ஆல்ரெடி சாப்பிட்டாயிற்று என்றேன். வயிறு நிறைந்தது. ஏப்பமும் வந்தது. முந்திரி போட்டிருந்தார்களா என்பதுதான் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்குக் கல்யாணம். வயது நாற்பத்தேழு. என் கல்யாணத்தை அது நடக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் மண்டபத்து மேனேஜர் துரைக்கண்ணுவுக்கு வாயைத் திறந்தால் அந்த வார்த்தைதான் வரும். அவரை மேடைப் பக்கம் விடவேண்டாம் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்தில் மந்திரம் கிடையாது. வாழ்த்துரை உண்டு. அது முடிந்துதான் மாலை மாற்ற வேண்டும். முனைவர் பேரொளியன் மைக்கைப் பிடித்தார். ஆதிமனிதனில் ஆரம்பித்தார். பிறகு தன் வெளிநாட்டுப் பயணங்களுக்கு வந்தார். அவர் ஒவ்வொரு அடைமொழியாகச் சொல்லச் சொல்ல மேடை நீண்டது. பக்கத்தில் நின்ற மணப்பெண் மலர்க்கொடி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தாள். இல்லறத்தின் இலக்கணம் வந்தபோது கட்டைவிரல் அளவுதான் தெரிந்தாள்.

போன் அடித்தது.

"இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன். நீ எங்க இருக்க?"

"மேடையிலதான். இங்க லேசா மழை பெய்யுது."

"நனையாதே."

"அந்த வார்த்தையச் சொல்லிடட்டுமா?"

"அவரோட நிறுத்திக்கோ. நம்மள இழுத்துடாதே."

அந்தக் கோடியிலும் ஒரு மைக் இருந்தது. அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "ஐயா ஆல்ரெடி பேசிட்டாங்க," என்றாள்.

சபையில் எல்லோருக்கும் கைதட்டிக் கை சிவந்திருந்தது. முனைவரின் பொன்னாடை கசங்கியிருந்தது. மேடை சுருங்கியதில் நானும் மலர்க்கொடியும் முட்டிக்கொண்டோம். அவள் தலை ஈரமாக இருந்தது.

முனைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, எப்படி இருந்தது என்று கேட்டார். பிரமாதம் என்றேன். தனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றார்.

அப்போது துரைக்கண்ணு மாமாவின் கக்கத்துக்கு அடியில் நுழைந்து மேடைக்கு வந்துவிட்டார். வாசலில் அடுத்த பார்ட்டி நிற்கிறதாம்.

"மாப்ள, உங்க கல்யாணம் ஆல்ரெடி முடி..."

மலர்க்கொடி அவர் வாயில் ஒரு லட்டை வைத்தாள். முழு லட்டு.

சொன்னது பாதி. அதனால் பாதி நடந்திருந்தது. அவள் மாலை என் கழுத்தில் கிடந்தது. என் மாலை என் கையிலேயே இருந்தது.

"நான் எப்பப் போட்டேன்?" என்றாள். முகம் வாடிவிட்டது.

"தெரியல. நானும் பார்க்கல."

"கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தேன். எக்கி நின்று போட்டாள். சரியாக விழவில்லை என்று எடுத்து மறுபடி போட்டாள். நான் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று இன்னொரு தடவை போட்டேன். அக்கா விசில் அடித்தாள்.

வாசலில் நின்ற அடுத்த மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "ஏங்க, உங்களுக்கு முடிஞ்சுதா?"

துரைக்கண்ணுவுக்கு வாயில் லட்டு. மலர்க்கொடிதான் பதில் சொன்னாள்.

"இன்னும் இல்லண்ணே."

எங்கள் கழுத்து மாலைகளில் விரிந்திருந்த மல்லிகையெல்லாம் மொட்டாயிற்று.