கழற்றிய டைமர்கள்

வாஷிங் மெஷினிலிருந்து கழற்றிய பழைய டைமரை நான் தூக்கிப் போடுவதில்லை. சாமானை மெக்கானிக் அமுக்கிவிட்டான் என்று வீட்டுக்காரர்கள் சந்தேகப்படுவார்கள். கேட்டால் எடுத்துக் காட்ட, ஒவ்வொன்றின் முதுகிலும் அந்த வீட்டு முகவரியை எழுதிப் பெட்டியில் போட்டு வைப்பேன். நாணயத்துக்காக வைத்த அந்தப் பெட்டி என்னை நாற்பத்தொரு நாள் உள்ளே வைத்தது.

ரயில் நிலையத்தில் குண்டு வெடித்துப் பதினோரு பேர் செத்திருந்தார்கள். குண்டு வைத்த பாவிகள் எங்கள் சமூகத்தின் பெயரைச் சொல்லி வைத்தார்கள். உடனே புதுச் சட்டம் வந்தது, ஜாமீன் கிடையாது. எங்கள் தெருவில் வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். என் கடையில் முப்பத்தாறு டைமர், முப்பத்தாறு முகவரி. அதில் ஒன்று நீதிபதி வீடு. குண்டு வைக்கப் போகிற வீடுகளின் பட்டியல் என்றார்கள்.

"சார், அது துணி துவைக்கிற டைமர். பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓடாது."

"ஓடி ஒளிய அது போதாதா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்தவர்கள் வேறு, வலது தோள் இன்னும் மேலே எழும்பாது. கடைசியில் அந்த முகவரிகளுக்கெல்லாம் அலைந்து விசாரித்து என்னை வெளியே விட்டதும் அவர்தான். "ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க" என்று போன் நம்பர் கொடுத்தார்.

நான் உள்ளே இருந்தபோது அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாராவாரம் வீட்டுக்கு அரிசியும் வக்கீலும் கொண்டுவந்தது, குண்டு வைத்த கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் அமைப்புக்காரன் ஒருவன். பத்து வருடமாக எங்கள் தெருவில் ஆள் தேடி அலைந்தவன். ஒரு நாய்கூட அவன் பின்னால் போனதில்லை. என்னோடு வேலை செய்யும் என் தம்பி அவனைப் போலவே பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பான். நான் திரும்பி வந்தபோது, அவன் வந்தால் தம்பி எழுந்து நின்றான்.

"உங்க தெருவுல நாங்க ஒண்ணுமே செய்யலண்ணே. எல்லாம் போலீஸ்காரங்களே செஞ்சு குடுத்துட்டாங்க" என்று அந்த ஆள் என்னிடமே சொல்லிச் சிரித்தான். வெளியே போடா என்று கத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்த ஆளிடம் போகிறேன் என்று இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்தான்.

"ஸ்டேஷன்ல செத்தவங்க உனக்கு என்னடா பண்ணாங்க?"

"நீ யாருக்கு என்னண்ணா பண்ணே?"

கொல்லைப்புறம் போய்ப் போனை எடுத்தேன். இந்தச் சட்டத்துக்கு முன்பென்றால் இன்ஸ்பெக்டரிடம், "ரெண்டு தட்டு தட்டி அனுப்புங்க சார்" என்று சொல்லியிருப்பேன். இப்போது சொன்னால் அவனை எத்தனை வருடம் கழித்துப் பார்ப்பேன்? பார்த்தாலும் எந்தத் தோளோடு வருவான்? முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும். நம்பரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பஸ் நிறுத்தம்வரை அவன் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனேன். என் வலிக்காத தோளைத் தொட்டுவிட்டு ஏறிப் போனான்.

மூன்று வாரம் கழித்து இன்ஸ்பெக்டர், தேடப்படுவோர் பட்டியலில் இருந்த அவன் போட்டோவோடு வந்தார்.

"போகப் போறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"ஒரு போன் பண்ணியிருந்தா நிறுத்தியிருப்பேனே!"

"நிறுத்திட்டு? வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்களா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பொய் சொல்லியிருக்கலாம். "மாட்டேன். என் கையில இல்ல" என்றார்.

"அதான் சார் பண்ணல." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தெரிஞ்சும் சொல்லாததுக்கு உங்களையும் கூட்டிட்டுப் போகணும். சட்டம் அப்படித்தான் இருக்கு." நோட்டைத் திறந்தார். என் மனைவி வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அவளைப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடினார். "நீங்க சொன்னது என் காதுல விழல" என்று எழுந்து போனார்.

நல்ல மனிதர். அவரிடம்கூட, என் தம்பியைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.