மேகக்காரர் வைத்த எண்

மேகக்காரர் இறந்து ஒரு வருடமாகியும் அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பூமியின் காற்றையும் கடலையும் கணினிக்குள் ஓடவிட்டு, வரப்போகும் வெப்பத்தைக் கணக்கிடும் பிரிவு அவருடையது. கணினி பூமியைப் பெரிய பெரிய கட்டங்களாகத்தான் பார்க்கும். ஒரு கட்டத்துக்குள் ஓராயிரம் மேகங்கள் அடங்கிவிடும். அதனால் மேகம் எவ்வளவு சீக்கிரம் மழையாகும் என்பதற்கு ஆள்தான் ஓர் எண்ணைக் கொடுக்கவேண்டும். அதைக் கொடுத்ததால்தான் அவருக்கு அந்தப் பெயர்.

அவர் வேலையைப் பார்க்க வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள், வானில் நேரடியாக அளந்த புதிய எண் கிடைத்ததும் பழையதை எடுத்துவிட்டு அதைப் போட்டாள். அளந்ததற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஓட்டினால், நடந்து முடிந்த நூறு வருட வெப்பமே பதிவானதைவிட எக்கச்சக்கமாக ஏறிப்போய் நின்றது. பழையதை வைத்தாள். நடந்ததோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

"வேற எங்கயோ ஒரு தப்பு இருக்கு சார். மேகக்காரரோட எண் அதை மூடிக்கிட்டிருக்கு."

"எங்கன்னு சொல்லு, எடுத்துடலாம்," என்றார் தலைவர். "இன்னும் தேடணும் சார்," என்றாள். "அப்போ பழசையே வை. ஓடுற வண்டியை எதுக்கு நிறுத்தணும்?"

வாரக்கணக்கில் தேடினாள். ஒன்றைத் திருத்தினால் கணினிக்குள் எங்கோ கடல் கொதித்தது. இன்னொன்றைத் தொட்டால் பனி தாறுமாறாக வளர்ந்தது. மறுமுனையை யாரோ இழுத்துப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. கடைசியில் மேகக்காரரின் மனைவியைப் போய்ப் பார்த்தாள்.

"வீட்ல வேலையைப் பத்திப் பேசவே மாட்டார்," என்றார் அந்த அக்கா. "ஒருநாள் மட்டும் தட்டுல கையை வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தார். என்னங்கன்னேன். 'பொருந்திடுச்சு'ன்னார். நல்லதுதானேன்னேன். 'ஏன் பொருந்துச்சுன்னு தெரியலடி. பயமா இருக்கு'ன்னார்." தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி, "நீயாவது கண்டுபிடிச்சியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

திரும்பி வந்து இரண்டு எண்களையும் வருங்காலத்துக்குள் ஓடவிட்டாள். அவர் எண்ணில் சமாளிக்கக்கூடிய வெயில். அளந்த எண்ணில் வரைபடம் முழுக்கச் சிவப்பு. போன நூறு வருடத்தோடு பொருந்துவது அவர் எண், வானத்தோடு பொருந்துவது மற்றது. எது மெய்யென்று அந்த வருடங்கள் வந்துதான் சொல்லவேண்டும். அதற்குள் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அறிக்கையில் இரண்டையும் எழுதினாள். தலைவர் சிவப்பை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு வெயில் கொஞ்சம் கூடினாலும் அவள் ஜன்னலுக்குப் போய்விடுவாள். தெருவில் குடையோடு போகிறவர்களைப் பார்த்தபடி நிற்பாள். இது மேகக்காரர் எண் சொன்ன வெயிலா, அளந்த எண் சொன்னதா?