இருட்டுத் தட்டில் மூன்று வளையம்

வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பேர். ஓரிடத்தில் உட்கார மாட்டாள். அப்படிப்பட்டவள் ஐந்து நாள் ஓர் அலமாரியைத் திறக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

பயிர்களின் வேரை அழுகாமல் காக்கும் ஒரு பூஞ்சையைத்தான் அவள் கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அது வெள்ளையாகப் படரும். வெளிச்சம் பட்டால்தான் பச்சையாக வித்து கட்டும். அதற்குக் கால்சியமும் வேண்டுமா என்பது கேள்வி. நாற்பது சிறிய கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சையை வளர்த்தாள். பாதித் தட்டுகளின் உணவில் கால்சியம் கிடைக்காதபடி செய்திருந்தாள். இரண்டு வகையிலும் பாதியை விளக்கின் கீழும் மீதியை இருட்டு அலமாரியிலும் வைத்தாள்.

இதற்கு முன் இரண்டு தடவை கிருமி புகுந்து எல்லாம் பாழ். "இதுதான் கடைசி" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

முதல் நாள் சாயங்காலமே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இந்தத் தடவையும் கெட்டிருந்தால்? அலமாரியைத் திறந்து, தட்டுகளை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன. மறுநாள் காலை மறுபடி. மூன்றாம் நாளும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஐந்தாம் நாள் பேராசிரியர் அலமாரியைத் திறந்தார். வெள்ளையாகவே இருக்க வேண்டிய முன்வரிசைத் தட்டுகளில், ஒன்றைச் சுற்றி ஒன்றாக, மூன்று பச்சை வளையங்கள்.

"இருட்டுல வச்சதுல எப்படிப் பச்சை வந்துச்சு?" அறையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்க திறந்தீங்களா?"

"ஐயோ, நான் தொடவே இல்லைங்க மேடம்."

"பின்ன, தானாத் திறந்துச்சா?"

அக்காவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"நான்தான் மேடம்," என்றாள் பம்பரம், கடைசியில். "மூணு தடவை."

பேராசிரியர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. வளையங்களை அளந்தார். வெளிச்சம் பட்ட நேரத்தில் பூஞ்சையின் விளிம்பு எங்கே இருந்ததோ அங்கேதான் வித்து கட்டியிருந்தது. பிறகு அதே அலமாரியிலிருந்து கால்சியம் இல்லாத தட்டுகளை எடுத்தார். ஒரு வளையமும் இல்லை.

"இதையும் வெளியில எடுத்தியா?"

"எல்லாத்தையும் சேர்த்துத்தான் எடுத்தேன் மேடம்."

"வெளிச்சம் பட்டும் வித்து கட்டலை." நிமிர்ந்து, பம்பரம் சிரிப்பதைப் பார்த்தார். "பல்லைக் காட்டாதே. எப்பத் திறந்தே, எத்தனை நிமிஷம்னு ஒரு குறிப்பும் இல்லை. இது செல்லாது. முதல்லேர்ந்து செய். சாவி அக்காகிட்ட இருக்கட்டும்."

இந்தத் தடவை இருட்டிலிருந்த சில தட்டுகளுக்கு மட்டும், ஒரே ஒரு முறை, குறித்த நேரத்தில் ஐந்து நிமிட வெளிச்சம். அக்காதான் திறந்து மூடினார். மற்ற நேரத்தில் பம்பரம் வராந்தாவில் நடந்தே செருப்பைத் தேய்த்தாள். சாவி கேட்டும் பார்த்தாள். "தர மாட்டேன், போங்க," என்றார் அக்கா, முகத்தைப் பார்க்காமலே.

முடிவு அச்சு அசலாக முன்போலவே வந்தது. வெளிச்சம் காட்டிய தட்டுகளில் ஒரே ஒரு வளையம். கால்சியம் இல்லாதவை வெளிச்சம் பட்டும் வெறும் வெள்ளை. பேராசிரியர் முதல் முறையாகச் சிரித்தார்.

பம்பரம் அக்காவைத் தேடிப் போனாள். "அன்னைக்கு உடனே சொல்லியிருக்கணும் அக்கா. மன்னிச்சிடுங்க."

"நீங்க சொல்றதுக்குள்ள எனக்கு வேலையே போயிடுச்சுன்னு நினைச்சேன்," என்றார் அக்கா, குடுவைகளைக் கழுவியபடி.

பம்பரம் பக்கத்தில் நின்று, கழுவிய குடுவைகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். அக்கா சற்றுத் தள்ளி நின்று அவளுக்கு இடம் விட்டார்.