ஒரு வெடி காணும்

யோகராஜாவுக்குத் துவக்கு என்றால் பயம். யாழ்ப்பாணத்து ஆட்களுக்குத் துப்பாக்கிதான் துவக்கு. அந்தச் சொல்லைக்கூட அவர் தாழ்ந்த குரலில்தான் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் நாற்பத்தேழு வயதில், லண்டனில், கடை கடையாக ஏறித் துவக்குத் தேடினார் என்றால் அதற்கு நரியைத்தான் திட்டவேண்டும்.

குட்மேய்ஸில் வீடு. நகரத்தின் கிழக்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இரண்டு ஏக்கர் குத்தகை நிலம். அதில் நூற்றெண்பது கோழிகள். இல்ஃபோர்ட் கடைகளில் அவற்றின் முட்டைகளை 'ஊர் முட்டை' என்று எழுதி விற்றார்கள். எந்த ஊர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

மாசி மாதத்தில் நரி வந்தது. ஒரே கிழமையில், ஏழே நாளில், அறுபத்தொரு கோழி போயிற்று. தின்னக் கொன்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அந்தச் சனியன் ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தது. யோகராஜா மின்கம்பி இழுத்தார். மினுங்கும் விளக்குப் பூட்டினார். ஆள் இருப்பதாக நினைக்கட்டும் என்று கூட்டுக்குள் ரேடியோவை அலறவிட்டார். நரி செய்தி கேட்டுக்கொண்டே கோழி பிடித்தது.

"சுட்டுவிடு, வேறு வழியில்லை" என்றார் நிலத்துக்காரர். "ஆனால் பக்கத்து லாயத்தில் குதிரைகள் நிற்கின்றன. சத்தம் கேட்டு ஒரு குதிரை மிரண்டாலும் குத்தகை முடிந்தது என்று வைத்துக்கொள்."

ஆக, இருட்டினபிறகு சுட வேண்டும், சத்தமும் வரக்கூடாது. எசெக்ஸ் பக்கம் ஒரு துப்பாக்கிக் கடைக்கு யோகராஜா போனார். மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த வயதான கடைக்காரர், ஐந்து குண்டு போடுவது, பத்துக் குண்டு போடுவது என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் கிடத்தினார். யோகராஜா இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஒன்றே ஒன்று போடுகிற மாதிரி இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி அவரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் யாரும் தன்னிடம் குறைவாகக் கேட்டதில்லை என்றார். ஆனாலும் நல்ல மனிதர். மூன்று கிழமை அங்கே இங்கே போன் பண்ணி, யாரோ பாவித்துப் பழசான ஒன்றைத் தேடிப் பிடித்தார். நடுவில் மடியும் துவக்கு அது. ஒரு குண்டைக் கையால் வைத்து, மூடி, சுட்டபிறகு மறுபடி திறந்துதான் அடுத்ததை வைக்க முடியும். குழல் நுனியில் புரி வெட்டியிருந்தது. அதில் மொடரேற்றரை, அதாவது சத்தத்தைக் குறைக்கிற உருளையை, முடுக்கிவிட்டால் சத்தம் பாதியாகும் என்றும், குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்கும் என்றும் சொன்னார். அனுமதிப்பத்திரம் வரும்வரை யாருக்கும் விற்காமல் வைத்திருப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

ஏன் ஒரு குண்டு என்பதை யோகராஜா அவரிடம் சொல்லவில்லை. ஊரில் அவர் காதால் கேட்ட துவக்குகள் சுடத் தொடங்கினால் நிற்காதவை. ஒன்று வைத்துச் சுடுகிறவன் அடுத்ததை வைப்பதற்குள் கொஞ்சம் யோசிப்பான் என்பது அவருடைய கணக்கு.

துவக்குக் கிடைத்துவிட்டது. இனிப் பத்திரம்தான் மிச்சம். டொக்டரின் கடிதம் வேண்டும், நற்சாட்சி சொல்ல இரண்டு பேர் வேண்டும், பூட்டு அலுமாரி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பொலிஸ் வீட்டுக்கு வந்து விசாரிக்கும். விண்ணப்பத்தில் இதை வாசித்த இரவு யோகராஜா தூங்கவில்லை.

வீட்டுக்குப் பொலிஸ் வந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். தொண்ணூற்றேழில், பத்தொன்பது வயதில், ஊரில் நடந்த ஆமிச் சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கதிரையில் ஒரு தலையாட்டி உட்கார்ந்திருந்தான். தலையில் சாக்கு, சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. பிடிபட்ட பொடியள் வரிசையாக அவனுக்கு முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் புலி என்று முடிவு. யோகராஜாவைப் பார்த்து ஆட்டினான். பதினொரு மாதம் உள்ளே. சாக்குக்குள் இருந்தது யார், எதற்காக ஆட்டினான் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. தெரிந்த யாரோ என்பது மட்டும் நிச்சயம், ஏனென்றால் தெரியாதவர்களை அந்த வேலைக்கு வைப்பதில்லை.

நற்சாட்சிக்கு ஒருவர் கோழித்தீன் விற்கும் வெள்ளைக்காரர். மற்றவர் நான்கு வீடு தள்ளியிருக்கும் சுந்தரராஜன். திருச்சிக்காரர், வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. எட்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ஒரு டசின் முட்டை வாங்குகிறவர். தான் தொடுவதில்லை, பையன் முகுந்துக்கு என்பார். முகுந்த் மன்செஸ்டருக்குப் படிக்கப் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை முட்டையோடு போய் வாசலில் நின்று யோகராஜா கேட்டார்.

"அண்ணை, துவக்கு லைசென்சுக்குப் போட்டிருக்கிறன். நல்ல ஆள் எண்டு ரெண்டு பேர் சொல்லவேணும். உங்கடை பேரைக் குடுக்கட்டோ?"

"பேஷா குடுங்க. துவக்கம் நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்கும்" என்றார் சுந்தரராஜன்.

யோகராஜாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆள் மறுத்துவிடுவாரோ என்ற பயத்தில் வந்தவர் மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினார்.

"நரிக்கு வெடி வைக்கத்தான் அண்ணை. இரவிலைதான் வைக்கவேணும். சத்தம் வெளியாலை கேக்கக்கூடாது. அஞ்சு பத்து எல்லாம் எனக்கு வேண்டாம், ஒரு வெடி காணும்."

சுந்தரராஜன் வழக்கம்போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முட்டைகளை உள்ளே கொண்டுபோனார்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தியே கதவு தட்டப்பட்டது. ஒருவர் வருவார் என்றுதான் கடிதத்தில் இருந்தது. வந்தவர்கள் இரண்டு பேர். கோப்போடு ஒரு பெண் அதிகாரி, கூட ஓர் உயரமான பொலிஸ்காரர். பெண் உட்கார்ந்தாள். உயரமானவர் உட்காராமல் கதவடியில் நின்றுகொண்டார். கதவடியில் ஆள் நிற்பது எதற்கென்று யோகராஜாவுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மாடிப்படிக்குக் கீழே புதிதாகப் பூட்டிய இரும்பு அலுமாரியை அவர் காட்டப் போனார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"அது இருக்கட்டும். வெடிகுண்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள்.

அவருக்குக் காது அடைத்தது. ஆங்கிலத்தில் வேறு எந்தச் சொல் மறந்தாலும் அந்தச் சொல் அவருக்கு மறக்காது. அந்தப் பதினொரு மாதமும் அவருடைய காகிதங்களில் இருந்த சொல் அது.

அவள் கோப்பைப் பார்த்து நிதானமாக வாசித்தாள். "நேற்று உங்கள் நற்சாட்சியாளர் ஒருவரோடு போனில் பேசினேன். நீங்கள் அவரிடம் குண்டு வைக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இரவில் வைக்க வேண்டும், சத்தம் கேட்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு குண்டைக் காணவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அது எங்கே?"

யோகராஜா வாயைத் திறந்தார். இருபத்துநான்கு வருட ஆங்கிலம் முழுக்க எங்கோ ஓடிவிட்டது. யாரும் கேட்காமலே தன் இரண்டு கைகளும் மேசைமேல் மலர்ந்து கிடப்பதைக் கண்டார். அந்தப் பழக்கம் போய்விட்டது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். கொண்டுபோகப் போகிறார்கள், இந்த முறையும் தெரிந்தவன்தான் காட்டிக்கொடுத்திருக்கிறான் என்பதைத் தவிர மண்டைக்குள் வேறொன்றும் ஓடவில்லை.

மனைவி சிவமலர் தேத்தண்ணியை வைத்துவிட்டு விறாந்தைக்குப் போனாள். அங்கே ஆணியில் கொழுவியிருந்த அவருடைய கோட்டுப் பைக்குள் பிரஷர் குளிசைகளையும் ஒரு சோடி காலுறையையும் அவள் திணிப்பதை யோகராஜா இருந்த இடத்திலிருந்தே பார்த்தார். அவளும் அதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று விளங்கியதும் அவருக்கு அழுகை வந்தது.

ஆனால் சிவமலர் திரும்பி வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, சுந்தரராஜன் அண்ணைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்? ஒரு சொல் விடாமல் அப்பிடியே சொல்லுங்கோ."

"நரிக்கு வெடி வைக்கவேணும் எண்டனான். ஒரு வெடி காணும் எண்டனான். வேறை ஒண்டும் சொல்லேல்லையப்பா."

சிவமலர் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அவையளுக்கு வெடி வைக்கிறதெண்டால் குண்டு வைக்கிறதெல்லே! காணும் எண்டால் காணேல்லை எண்டெல்லே நினைப்பினம்! அண்டைக்கு அவையின்ரை வீட்டிலை சாப்பிடேக்கை நான் காணும் காணும் எண்ண, அண்ணையின்ரை மனிசி ரமா அக்கா என்னத்தைக் காணேல்லை எண்டு மேசைக்குக் கீழை தேடினவ!"

பிறகு அவளே பொலிஸுக்கு விளக்கினாள். சுப்பர்மார்க்கட் கவுன்டரில் பதினைந்து வருடம் நின்று பழகிய ஆங்கிலம் அவளுடையது. தங்கள் ஊரில் வெடி வைப்பது என்றால் சுடுவது, காணும் என்றால் போதும், இந்தியத் தமிழருக்கு இரண்டும் வேறு என்றாள். அதிகாரி நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. உயரமானவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். ஐந்து நிமிடத்தில் அவர் சுந்தரராஜனைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுந்தரராஜனுக்கு அது வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பைஜாமா, முகத்தில் ரத்தமில்லை.

"அவர் துவக்கு லைசென்ஸ்னு சொன்னார் மேடம். துவக்குன்னா எங்க பக்கம் ஆரம்பிக்கிறது. ஏதோ வியாபாரம் ஆரம்பிக்கிறார்னு நினைச்சேன்" என்று பதற்றத்தில் தமிழிலேயே ஆரம்பித்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். "நீங்க போன்ல துப்பாக்கின்னு சொன்னதும் அவர் சொன்ன வார்த்தை எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்தது. கேட்டீங்க, பொய் சொல்லப் பயமா இருந்தது. சொல்லிட்டேன்."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

"சரி. இப்போது அது துப்பாக்கி என்று உங்களுக்குத் தெரியும். எட்டு வருடமாக இவரையும் தெரியும். இவர் கையில் ஒரு துப்பாக்கியை நம்பிக் கொடுக்கலாமா?"

சுந்தரராஜன் யோகராஜாவைப் பார்த்தார். யோகராஜாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வெயில், மைதானம், கதிரை, சாக்கு எல்லாம் வந்தன. கால் பெருவிரல்கள் செருப்புக்குள் சுருண்டன. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அங்கேயும் அப்படித்தான் இருந்தது. தலை ஆடுவதற்குச் சத்தம் கிடையாது.

பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தார். சுந்தரராஜனின் தலை ஆடிக்கொண்டிருந்தது. அதுவும் மேலும் கீழுமாக இல்லை, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக.

"இதை நான் எப்படி எழுதுவது?" என்றாள் அதிகாரி. "ஆமா, இல்லை, இரண்டில் ஒன்றை வாயால் சொல்லுங்கள்."

"ஆமா" என்றார் சுந்தரராஜன். தமிழில் சொல்லிவிட்டோம் என்று விளங்கி, "யெஸ், யெஸ்" என்றார். பயத்தில் மறுபடியும், "ஆமா."

அவள் எழுதினாள். கதவடியில் நின்ற உயரமானவர் அப்போதுதான் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்தார். யோகராஜாவுக்கு மூச்சு வந்தது அவர் உட்கார்ந்த பிறகுதான்.

அதற்குப்பிறகு எல்லாம் சாதாரண வேலை. அலுமாரியை ஆட்டிப் பார்த்தாள், பூட்டின் திறப்பு எங்கே இருக்கும் என்று கேட்டாள். கடைசியாக ஒரு கேள்வி: எல்லாரும் ஐந்து, பத்துக் கேட்கிறார்கள், நீங்கள் ஏன் ஒன்று போடுவதைக் கேட்டிருக்கிறீர்கள்?

"எனக்குத் துவக்கென்றால் பயம்" என்றார் யோகராஜா. ஓடிப்போன ஆங்கிலம் ஒருவாறு திரும்பியிருந்தது. "ஒன்றுக்கு மேல் என்னால் தாங்க ஏலாது."

அவள் அதைக் கொஞ்ச நேரம் எழுதினாள். பத்திரம் தபாலில் வரும் என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

சுந்தரராஜன் போகவில்லை. பைஜாமாவோடு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். சிவமலர் புதிதாகத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். கொடுத்த கையோடு விறாந்தைக்குப் போய்க் கோட்டுப் பையிலிருந்து காலுறைகளை வெளியே எடுத்தாள். குளிசைகளை எடுக்கவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க யோகராஜா" என்றார் சுந்தரராஜன். "உண்மையச் சொல்லிடறேன். எட்டு வருஷமா நீங்க பேசறதுல பாதி எனக்குப் புரியறதே இல்ல. ஒரே தமிழை வச்சுக்கிட்டு, புரியலன்னு திருப்பிக் கேட்டா நீங்க தப்பா நினைப்பீங்களோன்னு தலையை மட்டும் ஆட்டிக்கிட்டே இருந்துட்டேன்."

யோகராஜா அவரை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குச் சாக்குக்குள் இருந்தவனிடமும் யாரோ ஏதோ புரியாத பாஷையில் கேட்டிருப்பார்களோ, அவனும் பயத்தில்தான் ஆட்டினானோ என்று இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. தோன்றியது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

"அண்ணை" என்றார். "இனிமேல் விளங்காட்டிக் கேளுங்கோ. நூறு தரமெண்டாலும் கேளுங்கோ, நான் சொல்லுறன். தலையை மட்டும் ஆட்டாதேங்கோ. என்னாலை அதைப் பாக்க ஏலாது. விளங்குதோ?"

சுந்தரராஜன் தலையை ஆட்டினார்.