தலைவலி மேல் ஒரு விசாரணை

என் கணவர் ஸ்ரீதருக்கு ஒரு மத்திய அமைச்சகத்தின் விஜிலன்ஸ் பிரிவில் வேலை. புகார் வந்தால் சந்தேகத்துக்கு உரிய எல்லோரையும் முதலில் சஸ்பெண்ட் செய்துவிட்டு, பிறகு சாவகாசமாக விசாரிப்பார்களாம். என் மைக்ரேனையும் அவர் அப்படித்தான் கையில் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் சொன்னது கொஞ்சம்தான். எல்லோருக்கும் ஒரே பொருள் தலைவலியைக் கிளப்பாது. சந்தேகம் இருந்தால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். இதில் ‘நிறுத்துங்கள்’ மட்டும்தான் இவர் காதில் விழுந்தது. சீஸ், சாக்லேட், அஜினோமோட்டோ போனதில் எனக்கு வருத்தமில்லை. அப்புறம், புளித்ததெல்லாம் ஆபத்து என்று எதிலோ படித்துவிட்டு வந்தார். தயிர் போயிற்று. இட்லி மாவும் போயிற்று. டெல்லி கிட்வாய் நகரில் இட்லி வேகாத ஒரே தமிழ் வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. ஆனால் அக்கறையோடு செய்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அன்றைக்கு எனக்கு இன்டர்வியூ. மகள் ஷ்ரேயா பிறந்தபோது விட்ட மொழிபெயர்ப்பு வேலைக்குப் பல வருஷம் கழித்து வந்த முதல் அழைப்பு. கன்னாட் பிளேஸில் ஓர் அலுவலகம். திரையில் ஆங்கிலச் செய்தி ஓடும், உடனுக்குடன் தமிழில் டைப் அடிக்க வேண்டும். இதுவும் கைநழுவினால் இன்னொன்று வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

காலையில் காப்பி டம்ளரைத் தூக்கியதும் ஸ்ரீதர் வாங்கி வைத்துவிட்டார்.

“இன்னிக்கு மட்டும் வேண்டாம் அம்பிகா. காஃபீனும் ட்ரிக்கராம்.”

“காலேஜ் நாள்லேர்ந்து குடிக்கறேங்க.”

“அதான் சொல்றேன். இன்னிக்குப் போய் ரிஸ்க் எடுக்கணுமா?”

பிரெட்டில் ஈஸ்ட், அவலில் வேர்க்கடலை. எதைத் தொட்டாலும் அவர் முகம் சுருங்கியது. அவருடைய பயம் எனக்கும் தொற்றிவிட்டது. முதல் நாள் ராத்திரியும் பேருக்குத்தான் கொறித்திருந்தேன். வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஐ.என்.ஏ. ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினேன்.

ரயில் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த விளம்பரத்தில் பாதி எழுத்தைக் காணோம். அந்த இடத்தில் வெளிச்சம் கோணல் மாணலாக நடுங்கியது. வலி வருவதற்கு முன்னால் என் கண் இப்படித்தான் எச்சரிக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடினேன். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வலிக்கட்டும் என்று கெஞ்சினேன். கன்னாட் பிளேஸுக்காக ராஜீவ் சௌக்கில் இறங்கும்போது இடது நெற்றிப்பொட்டில் சுத்தியலடி ஆரம்பித்திருந்தது.

அங்கே தேர்வு நடத்தியவர் சுஷ்மா என்ற பெண்மணி. வட இந்தியர். என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்.

“மேடம், மைக்ரேன். ஆதா கண்டா டைம் கிடைக்குமா?” என்று அரை மணி நேரம் கேட்டேன், தமிழும் இந்தியுமாக.

அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. ஆனால் வெளியே காத்திருந்தவர்களைக் கையால் காட்டினார். திரையைப் பார்த்தேன். வாக்கியங்களின் நடுவில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஊகித்து ஊகித்து அடித்தேன். எழுத்துகள் தாறுமாறாக விழுந்தன. அடுத்த பத்தி வந்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். திரும்பி வந்தபோது என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்ரீதர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டு வாசலிலேயே நின்றார். நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“வந்துடுச்சா? அரே... வழியில என்ன சாப்பிட்டே?”

“ஒண்ணும் சாப்பிடலை.”

“ஸ்டேஷன்ல ஏதாவது ஜூஸ்?”

“இல்லை.”

“உண்மையைச் சொல்லு, திட்ட மாட்டேன். எதுன்னு கண்டுபிடிக்கணுமில்ல?”

“வயித்துல ஒண்ணுமே இல்லைங்க! ஒரு வாய் காப்பி கூட இல்லை. போன வாரம் வந்ததே, அன்னிக்கும் பட்டினிதான். டாக்டர் அதைத்தானே கூடாதுன்னார்?”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அப்ப ராத்திரி சாப்பிட்டது...” என்று மறுபடி ஆரம்பித்தார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“இன்டர்வியூ என்ன ஆச்சுன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லை” என்றேன்.