பாதி மாத்திரை

அந்த வீட்டில் காலை ஐந்தரைக்கே இரண்டு பேருக்கும் வேலை தொடங்கிவிடும். கணவர் பேருந்து ஓட்டக் கிளம்புவார். மனைவி ஒரு கட்சியின் தேர்தல் பிரசாரத்துக்காகக் கைப்பேசியில் வேறு வேறு ஆளாகப் பேசிப் பதிவு செய்வாள். ஒரு நாள் விவசாயியின் மனைவி, ஒரு நாள் வேலை கிடைக்காத பையனின் அம்மா. எழுதித் தருவது கட்சி அலுவலகம், உயிர் கொடுப்பது இவள். பள்ளி நாடகத்தில் அழுதே பரிசு வாங்கியவள், சும்மாவா? போதாததற்குக் குரலை மாற்றும் செயலி வேறு.

"இன்னிக்கு யாரு நீ?" என்பார் அவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"மூணு பிள்ளைக்கு அம்மா."

"பிள்ளைங்கள பத்திரமா பாத்துக்க" என்று சிரித்துவிட்டுப் போவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பணிமனையிலிருந்து அழைப்பு வந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர் தலைசுற்றி விழுந்துவிட்டாராம். நல்லவேளை, பயணிகள் எல்லோரும் அதற்கு முன்பே இறங்கியிருந்தார்கள். இவள் அடித்துப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"பிரஷர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

அவர் மனைவியைப் பார்த்து அசடு வழிந்தார். "பத்து நாளா பாதிதான் போடுறேன். டிரைவருங்க குரூப்புல ஒரு அம்மா பேசினது வந்துச்சு. இனிமே அரசு ஆஸ்பத்திரியில மாத்திரை தரமாட்டாங்களாம். இருக்கறத இழுத்துப் பிடிக்கலாம்னு..." என்று கைப்பேசியை நீட்டினார். "நீயே கேளு. பாவம், தேம்பித் தேம்பி அழுவுறாங்க."

கேட்டாள். மாத்திரையின் நிறம், அட்டையில் இருந்த கோடு, எல்லாம் தன் வீட்டு அலமாரியில் பார்த்து அவளே சேர்த்துக்கொண்டவை. அதைக் கேட்டு அன்றைக்குக் கட்சி அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

"அது நான்தாங்க."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நடிக்கறேன்னு தெரியும். பொய் சொல்றேன்னு தெரியாதுடி."

அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. மருந்து தரும் இடத்தில் விசாரித்துவிட்டு, வராந்தாவில் நின்றே தன் பேரைச் சொல்லி, தன் சொந்தக் குரலில் பதிவு செய்தாள். "அன்னிக்கு அழுதது நான்தான். அது பொய். மாத்திரை தர்றாங்க. யாரும் நிறுத்தாதீங்க." எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள்.

உடனே கட்சி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். "என்னம்மா, இப்படிக் கவுத்துட்ட? தேர்தல் முடிஞ்சப்புறம் சொல்லக்கூடாதா?"

"அதுவரைக்கும் எத்தனை பேர் பாதி மாத்திரை போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அழுகையைப் பகிர்ந்தவர்கள் உண்மையைப் பகிரவில்லை. மறுநாள் வெளியூரிலிருந்து நாத்தனார் அதே அழுகையை அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: 'அண்ணி, இதக் கேட்டு நானும் அம்மாவுக்குப் பாதி மாத்திரைதான் குடுக்கறேன்.'

இவள் உடனே போனைப் போட்டாள்.

"முழுசா குடு, இப்பவே குடு! யாரு பேசினது, எங்கேருந்து வந்ததுன்னு தெரியாத சேதிய, எவ்வளவு அழுதாலும் விசாரிக்காம நம்பாதே. யாருக்கும் அனுப்பாதே. பேசினவளே சொல்றேன்!"