கிளாரினெட்டுக்குக் கொடுத்த தாள்

இசையமைப்புப் பட்டப்படிப்பின் கடைசித் தேர்வுக்கு அவள் எழுதியிருந்தது ஐந்து கருவிகளுக்கான எட்டு நிமிட உருப்படி. முதலிடம் வந்தால் மேற்படிப்பு, இல்லாவிட்டால் மறுமாதமே மாமாவின் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஒத்திகைக்கு நாலு பேர்தான் வந்தார்கள். கிளாரினெட்காரனுக்குக் காய்ச்சல். தேர்வன்று நேராக மேடைக்கு வந்து, தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் வரியிலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளாரினெட், எழுதியதைவிட ஒரு சுரம் கீழே ஒலிக்கும் வாத்தியம். அதனால் அதன் தாளை மட்டும் ஒரு சுரம் ஏற்றி எழுத வேண்டும். முதல் வருடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே மாற்றித் தந்துவிடும். மகராசி, அழுத்தவில்லை. எழுதியதை எழுதியபடியே வாசிக்கும் கணினியில் போட்டுக் கேட்டபோதெல்லாம் சரியாகவே ஒலித்துத் தொலைத்ததால் சந்தேகமும் வரவில்லை. மற்ற நால்வரும் ஒரு பக்கம் இழுக்க, அந்த அப்பாவி தாளில் இருந்ததை இருந்தபடியே எட்டு நிமிடமும் ஊதித் தீர்த்தான். அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைத்தலைவர் எழுந்து கைதட்டினார்.

"மூணு வருஷமா நீ எழுதினதெல்லாம் சும்மா இனிப்பா இருந்துச்சும்மா. இன்னைக்குத்தான் தைரியமா எழுதியிருக்க. அந்தக் கிளாரினெட்டைக் கடைசி வரைக்கும் ஒட்டவே விடல பாரு, அபாரம்!"

தப்பு நடந்துவிட்டது சார் என்பது நாக்கு நுனி வரை வந்தது. "தேங்க்ஸ் சார்" என்றுதான் வெளியே வந்தது. முதலிடமும் அவளுக்கே. மூன்று வருட உழைப்பில் ஒரு தப்புதான் தேறியது என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. ஆனாலும் வந்து கைகுலுக்கியவர்களிடமெல்லாம், வெட்கங்கெட்டவள், பல்லைக் காட்டினாள்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். சங்கீதம் படித்தவள் இல்லை. ஆனால், பக்கத்து அறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இதை நூறு தடவையாவது கேட்டவள்.

"ஏம்மா, நீ வீட்டுல போட்டது இப்படி இல்லையே. அந்தப் பையன் தப்பா ஊதிட்டானா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம வா."

அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் பேருந்து நிறுத்தத்தில் அப்பாவுக்கு போன் போட்டாள்.

"நம்ம பொண்ணுதாங்க ஃபர்ஸ்ட். எல்லாரும் அப்படிக் கைதட்டுறாங்க. எனக்குத்தாங்க கேக்கத் தெரியல."